மூலமும் மாதிரியும்: தஞ்சோங் பகார் வந்த நீராவிப் பொறிகள்

சிறுவர் உருட்டி விளையாடும் தேர் தமிழிலக்கியத்துக்குப் புதியதன்று. காவிரிப்பூம்பட்டினத்தின் வளம் பாடும் பட்டினப்பாலை, குதிரை பூட்டாத முக்காற் சிறுதேர் ஒன்றைக் காட்டுகின்றது. உலரப் போட்ட உணவைக் கவர வந்த கோழியின்மீது மகளிர் எறிந்த காதணி அத்தேரின் வழியை மறித்துக் கிடக்கின்றது. பிற்காலத்தெழுந்த பிள்ளைத்தமிழிலும், ஆண்பாற்குரிய பத்துப் பருவங்களுள் இறுதியாக நிற்பது சிறுதேர்ப் பருவமே. போர்க்களம் புகும் தேருக்கும் திருவீதி உலா வரும் தேருக்கும் மூன்று சக்கரம் இல்லை. ஆயினும், உருட்டும் பிள்ளைக்கு அது குறையாகத் தோன்றுவதில்லை. உருண்டால் போதும், அது தேர்தான்.

பொம்மைக்கும் மாதிரிக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் தொடங்குகின்றது. பொம்மை ஒரு பொருளை நினைவூட்டினால் போதும். மாதிரியோ ஒரு குறிப்பிட்ட பொருளுக்குச் சான்று கூற வேண்டும். எந்த உண்மைப் பொறியைப் பார்த்து மாதிரி செய்யப்படுகின்றதோ, அதனை மூலப்பொறி எனலாம். மூலம் ஒன்று உண்டு என்று ஒப்புக்கொண்ட அந்த நொடியே, மாதிரி செய்பவன் கைவினைஞனாக மட்டும் இருத்தல் இயலாது. அவன் பழைய ஏடுகளை ஒப்பு நோக்கும் பதிப்பாசிரியனின் வேலையையும் ஏற்றுக்கொள்கின்றான். மலாயாவின் இருப்புப்பாதைகளில் ஓடிச் சிங்கப்பூரின் தஞ்சோங் பகார் நிலையத்தை வந்தடைந்த நீராவிப் பொறிகளை எடுத்துக்கொண்டால், இவ்வேலை எத்துணை ஆழமானது என்பது விளங்கும்.

வண்ணம் மாற்றினால் மூலம் ஆகுமா?

சிறிய நீராவிப் பொறிகளைச் செய்வது இங்கிலாந்திலும் ஜெர்மனியிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே பரவிய கலை. 1898-ஆம் ஆண்டில் பெர்சிவல் மார்ஷல் என்பார் இலண்டனில் ‘மாடல் எஞ்சினியர்’ என்னும் இதழைத் தொடங்கினார். கடைசல் பொறி வைத்திருந்த எளிய தொழிலாளிகளும் தம் வீட்டுக் கொட்டகையில் உண்மையாகவே நீராவியால் ஓடும் சிறு பொறிகளைச் செய்ய அவ்விதழ் வழி காட்டிற்று. மறுபுறம், கடையில் வாங்கும் தகரப் பொறிகளும் பெருகின. லிவர்ப்பூலைச் சேர்ந்த ஃபிராங்க் ஹார்ன்பியின் நிறுவனம் 1920-ல் சாவி கொடுத்து ஓடும் இரயில்களை விற்கத் தொடங்கிற்று.

1923-ல் பிரிட்டனின் இரயில் கம்பெனிகள் நான்கு பெருங் கம்பெனிகளாக ஒன்றுசேர்க்கப்பட்டன. நான்கு கம்பெனிகளின் ஊரார்க்கும் தத்தம் ஊர் வண்டியே வேண்டும். அதற்கு வணிகர் கண்ட வழி எளிது. ஹார்ன்பி நிறுவனம் 1938-ல் ‘டப்லோ’ என்ற பெயரில் சிறிய அளவு இரயில்களை வெளியிட்டபோது, அவற்றுள் ஒரு சிறிய தொட்டிப் பொறியும் இருந்தது. அஃது ஒரு கம்பெனியின் பொறியைப் பார்த்துச் செய்யப்பட்டது. ஆனால் நான்கு கம்பெனிகளின் வண்ணத்திலும் எழுத்திலும் விற்கப்பட்டது. உடல் ஒன்று, சட்டை நான்கு.

மூலத்தை அறிந்தவர்க்கு இது பொறுக்கவில்லை. சட்டையை மாற்றினால் ஆள் மாறிவிடுவானா என்று கேட்டனர். ஆகவே வாங்கிய பொறியைப் பிரித்தார்கள். புகைபோக்கியை அறுத்துச் சரியான உயரத்தில் வேறொன்றைப் பற்றவைத்தார்கள். ஓட்டுநர் நிற்கும் கூண்டை அகற்றிப் பித்தளைத் தகட்டால் புதிதாகக் கட்டினார்கள். மூலப்பொறியின் படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தகட்டில் தெரியும் தறையாணித் தலைகளைக்கூட எண்ணினார்கள். கடைச்சரக்கை ஒரு குறிப்பிட்ட மூலத்துக்கு ஏற்பத் திருத்தி அமைக்கும் கலை இங்ஙனம் வளர்ந்தது.

பாதையின் அகலம்

திருத்தத்தின் முதற்படி, கண்ணுக்கு எளிதில் தோன்றாத ஒன்று. அது பாதையின் அகலம். இங்கிலாந்தின் இருப்புப்பாதையில் இரு தண்டவாளங்களுக்கும் இடையே உள்ள அகலம் 1,435 மில்லிமீட்டர். மலாயாவின் பாதையோ மீட்டர் பாதை. அகலம் 1,000 மில்லிமீட்டர். தமிழ்நாட்டில் சென்னை எழும்பூரிலிருந்து தெற்கே நெடுங்காலம் இருந்ததும் இதே மீட்டர் பாதைதான்.

பிரிட்டனில் பெரிதும் வழங்கும் மாதிரி அளவு, ஓர் அடிக்கு நான்கு மில்லிமீட்டர். அதாவது ஏறத்தாழ 76-இல் ஒரு பங்கு. இதனை ‘ஓ ஓ’ அளவு என்பர். இதன்படி பாதை 18.83 மில்லிமீட்டர் அகலம் இருத்தல் வேண்டும். ஆனால் விற்கப்படும் பாதை 16.5 மில்லிமீட்டரே. காரணம் விந்தையானது. ஐரோப்பிய அளவான 87-இல் ஒரு பங்கில் செய்தால், பிரிட்டனின் ஒடுங்கிய பொறிகளுக்குள் அக்கால மின்மோட்டார் அடங்கவில்லை. ஆகவே உடலை மட்டும் சற்றே பெரிதாக்கி, பாதையை அப்படியே விட்டுவிட்டனர். ஒல்லியான காலில் பருத்த உடல் நின்றது. இப்பிழையைத் திருத்த முனைந்தோர் 1960-களில் 18.83 மில்லிமீட்டரையே பாதையாக விதித்துக்கொண்டு, சக்கரங்களைத் தாமே கடைந்தனர். இரண்டேகால் மில்லிமீட்டருக்காக இத்துணைப் பாடா என்று வியப்பார் உண்டு. யாப்பில் ஓர் அசை குறைந்தாலும் செவி அறிந்துவிடுகிறதன்றோ? கண்ணுக்கும் அத்தகைய பயிற்சி உண்டு.

மலாயாப் பொறி செய்ய விரும்புவோர் இக்கணக்கைப் புதிதாகப் போட வேண்டும். 87-இல் ஒரு பங்கு அளவில், மீட்டர் பாதை பதினொன்றரை மில்லிமீட்டர் ஆகின்றது. கடையில் கிடைக்கும் 12 மில்லிமீட்டர் பாதை இதற்கு மிக அருகில் வரும். ஆனால் அதே 12 மில்லிமீட்டர் பாதையில் ‘ஓ ஓ’ அளவுப் பொறியை நிறுத்தினால், அது மூன்றடிப் பாதையைக் குறிப்பதாகிவிடும், மலாயா அன்று. பெரிய அளவில் செய்வோர்க்கு வேறொரு வாய்ப்பு உண்டு. நூரம்பர்க் நகரத்து லேமன் நிறுவனம் 1968-ல் வெளியிட்ட தோட்ட இரயிலின் பாதை 45 மில்லிமீட்டர், அளவு 22.5-இல் ஒரு பங்கு. பெருக்கிப் பார்த்தால் 1,012 மில்லிமீட்டர் வரும். மீட்டர் பாதைக்கென்றே அமைந்த அளவு அது. ஆகவே எந்த அளவு என்னும் கேள்விக்கு விடை, கடையில் என்ன கிடைக்கும் என்பதில் இல்லை. மூலப்பொறி எந்த மண்ணில் ஓடிற்று என்பதில் இருக்கின்றது.

புக்கிட் மேராவின் ஓரத்தில்

அந்த மண்ணின் வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம். மலாயாவின் முதல் இருப்புப்பாதை 1885-ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் தைப்பிங்குக்கும் போர்ட் வெல்டுக்கும் இடையே திறக்கப்பட்டது. சிங்கப்பூரில் 1903-ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் தேங்க் ரோட்டிலிருந்து புக்கிட் தீமா வரை வண்டி ஓடிற்று. அவ்வாண்டு ஏப்ரலில் உட்லண்ட்ஸ் வரை நீண்டது. தேங்க் ரோட்டு நிலையம் செட்டியார் கோயில் என்று வழங்கும் தெண்டாயுதபாணி கோயிலுக்கு அண்மையில் இருந்தது. 1907-ல் துறைமுகப் பக்கமாகப் பாசிர் பாஞ்சாங் வரை பாதை நீட்டப்பட்டது. 1918-ல் மலாய்க் கூட்டரசு நாடுகளின் இரயில்வே இப்பாதையை விலைக்கு வாங்கிற்று. ஜொகூர்ப் பாலத்தின்மீது 1923-ல் வண்டிகள் ஓடத் தொடங்கின. அதன்பின் தீபகற்பமும் தீவும் ஒரே பாதையால் இணைந்தன.

பழைய பாதை நகரத் தெருக்களை அடிக்கடி குறுக்கிட்டமையால், புதிய தடம் ஒன்று போடப்பட்டது. அதன் முடிவிடமாக, புக்கிட் மேரா வட்டாரத்தின் கடலோரமாகச் செல்லும் கெப்பல் சாலையில் தஞ்சோங் பகார் நிலையம் எழுந்தது. 1932-ஆம் ஆண்டு மே 2-ஆம் நாள் ஆளுநர் சர் சிசில் கிளமெண்டி அதனைத் திறந்துவைத்தார். நான்கு பளிங்குச் சிலைகள் அதன் முகப்பில் நிற்கின்றன. அவை வேளாண்மை, வாணிகம், போக்குவரத்து, தொழில் ஆகிய நான்கையும் குறிப்பன. அவற்றோடு எஃப், எம், எஸ், ஆர் என்னும் இரயில்வேயின் நான்கு எழுத்துகளும் பொறிக்கப்பட்டன. 2011-ஆம் ஆண்டு ஜூன் 30-ஆம் நாள் இரவு ஜொகூர் சுல்தானே ஓட்டிச் சென்ற கடைசி வண்டியோடு அந்நிலையத்தின் பணி முடிந்தது. அருகே கம்போங் பாருவின் ஸ்பூனர் சாலையில் இரயில்வே ஊழியர் குடியிருந்த வீடுகளும் அவ்வாண்டோடு காலியாயின. தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டன, தடம் 24 கிலோமீட்டர் நடைபாதையாயிற்று. நிலையக் கட்டடம் நாட்டுச் சின்னமாகக் காக்கப்படுகின்றது. ஆனால் அதன் மேடையில் மூச்சுவிட்டு நின்ற நீராவிப் பொறிகள் அதற்கு நெடுங்காலம் முன்பே போய்விட்டன. 1957-ல் ‘இங்கிலீஷ் எலெக்ட்ரிக்’ நிறுவனத்தின் டீசல் பொறிகள் வந்திறங்கின. அவற்றின்பின் நீராவி படிப்படியாக ஒழிந்தது. இன்று அவற்றை அறிய விரும்புவோர்க்கு வரைபடமும் நிழற்படமும் மாதிரியுமே மிச்சம்.

ஓ வகுப்புப் பொறி

தஞ்சோங் பகாருக்கு வந்த பொறிகளுள் புகழ் மிக்கது ‘ஓ’ வகுப்பு. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்து ‘நார்த் பிரிட்டிஷ்’ பொறித் தொழிற்சாலை 1938 முதல் இவற்றைச் செய்தனுப்பிற்று. இறுதித் தொகுதி 1946-ல் செய்யப்பட்டது. போருக்குப் பின் வகுப்பெழுத்துகளுக்குப் பதிலாக எண்கள் வந்தபோது, ‘ஓ’ வகுப்பு ‘56’ ஆயிற்று. மலாயாவின் ஊர்ப்பெயர்கள் இப்பொறிகளுக்குச் சூட்டப்பட்டன. 564.36 என்னும் எண்ணும் ‘தெமர்லோ’ என்னும் பெயரும் தாங்கிய பொறி, நீராவிக் காலம் முடிந்த பின்னும் காக்கப்பட்டது.

இதன் சக்கர அமைப்பு 4-6-2. முன்னே நான்கு சிறு சக்கரம், நடுவே ஆறு இயக்குசக்கரம், பின்னே இரண்டு சிறு சக்கரம் என்பது பொருள். உலகெங்கும் ‘பசிபிக்’ என்று இதனை அழைப்பர். பசிபிக் பொறியின் மாதிரிகள் கடைகளில் மலிந்து கிடக்கின்றன. ஆகவே அவற்றுள் ஒன்றை வாங்கிக் கருப்பு வண்ணம் பூசி, பக்கத்தில் ‘தெமர்லோ’ என்று எழுதிவிடலாமே என்று தோன்றும். அங்கேதான் மூலம் தடுக்கின்றது.

முதலாவது, இயக்குசக்கரத்தின் விட்டம் நான்கரை அடிதான். இங்கிலாந்தின் விரைவு வண்டிப் பசிபிக்குகளுக்கு ஆறடிக்கு மேல் இருக்கும். பெரிய சக்கரம் பூட்டிய மாதிரி, யானைக்கு ஒட்டகத்தின் கால் வைத்ததுபோல் ஆகும். இரண்டாவது, பெரும்பாலான பொறிகளுக்கு நீராவி உருளை இரண்டு. ஓ வகுப்புக்கு மூன்று. வெளியே இரண்டும், நடுவே மறைவாக ஒன்றும். ஒவ்வொன்றும் 13 அங்குல விட்டமும் 24 அங்குல ஓட்டமும் உடையது. கொதிகலனில் சதுர அங்குலத்துக்கு 250 பவுண்டு அழுத்தம்; இழுவை ஆற்றல் ஏறத்தாழ 23,940 பவுண்டு. பாதையோ இலேசானது, அதன்மேல் கனத்த சக்கரப் பாரம் ஏற்ற இயலாது. குறைந்த பாரத்தில் நிறைந்த இழுவை பெறும் வழியைத் தேடியவர்கள் கண்ட விடை அது. மூன்றாவது, நீராவியை உருளைக்குள் விடும் அடைப்பு. பெரும்பாலான பொறிகளின் பக்கவாட்டில், முன்னும் பின்னும் அசையும் கம்பிகளின் பின்னல் ஒன்று காணப்படும். ஓ வகுப்பில் அப்பின்னல் இல்லை. சுழலும் தண்டு ஒன்று குமிழ் அடைப்புகளைத் திறந்து மூடிற்று. ஆகவே கடைப்பொறியின் அழகிய கம்பிப் பின்னலை வெட்டி எறிந்தாலன்றி, அது மலாயாப் பொறி ஆகாது.

செவிக்கும் ஒரு சோதனை உண்டு. இரண்டு உருளைப் பொறியின் சக்கரம் ஒருமுறை சுழன்றால், புகைபோக்கி நான்கு முறை மூச்சு விடும். மூன்று உருளையானால் ஆறு முறை. தாளம் வேறு, நடை வேறு. ஒலி எழுப்பும் மின்கருவி பொருத்திய இக்கால மாதிரிகளில் நான்கு மூச்சு கேட்டால், பழைய ஊழியர் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டே ‘இது நம் வண்டி அன்று’ என்று கூறிவிடுவார்.

எந்த ஆண்டின் பொறி?

இத்தனையும் சரியாக அமைந்த பின்னும் ஒரு கேள்வி எஞ்சும். எந்த ஆண்டின் பொறி? பொறி பிறந்த நாளில் இருந்தவாறே இறக்கும் நாள் வரை இருப்பதில்லை. 1938-ல் அதன்மேல் ‘ஓ’ வகுப்பு என்னும் அடையாளம் இருந்தது. பின்னர் ‘56’ வந்தது. முன்னாளில் மலாயாப் பொறிகள் நிலக்கரி எரித்தன. சிலாங்கூரின் பத்து ஆராங் சுரங்கம் அதற்குப் பேருதவி புரிந்தது. போருக்குப் பின் எண்ணெய் எரிபொருளாயிற்று. நிலக்கரி குவிந்திருந்த பின்வண்டியில் எண்ணெய்த் தொட்டி அமர்ந்தது. ஆகவே 1950-களின் எண்ணைத் தாங்கிய மாதிரியின் பின்வண்டியில் நிலக்கரியைக் குவித்தால், அது இரு காலத்தை ஒட்டிய கலப்பு. ஒரு பாட்டின் முதலடியை ஓர் ஏட்டிலிருந்தும் அடுத்த அடியை வேறோர் ஏட்டிலிருந்தும் சான்றின்றி எடுத்து ஒட்டினால் எப்படியோ, அப்படி.

உ. வே. சாமிநாதையர் 1887-ல் சீவக சிந்தாமணியை வெளியிட்டபோதும், 1894-ல் புறநானூற்றை வெளியிட்டபோதும், பல ஊர் ஏடுகளை ஒப்பு நோக்கிப் பாடவேறுபாடுகளைக் கண்டு தெளிந்தார் என்பது தமிழாசிரியர் அறிந்தது. மாதிரி செய்வோனுக்கும் பல ஏடுகள் உண்டு. அவை ஒன்றோடொன்று முரண்படும். தொழிற்சாலையின் வரைபடம் ஓர் ஏடு. ஆனால் அது செய்ய நினைத்ததைக் காட்டுமேயன்றிச் செய்ததை எப்போதும் காட்டாது. தொழிற்சாலை எடுத்த நிழற்படம் மற்றோர் ஏடு. அதிலும் ஒரு கண்ணி உண்டு: படம் தெளிவாக விழவேண்டுமென்று புதிய பொறிக்குச் சாம்பல் வண்ணம் பூசிப் படமெடுத்து, அதன்பின்னரே உரிய வண்ணம் தீட்டுவது பழைய வழக்கம். அப்படத்தை நம்பிச் சாம்பல் பூசினவர் ஏமாந்தவரே. பழைய நிழற்படச் சுருள்களுள் ஒரு வகை சிவப்பு ஒளியை உணராது. சிவப்பு அதில் கருப்பாகவே விழும். ஆகவே படத்தில் கருப்பாகத் தெரியும் முன்விட்டம் உண்மையில் சிவப்பாக இருந்திருக்கலாம். ஓட்டியவர், கரி போட்டவர், பழுது பார்த்தவர் ஆகியோரின் நினைவு மூன்றாவது ஏடு. அது நாட்களை மறக்கும். ஆனால் எந்தக் கைப்பிடி சுடும், எந்தப் படி வழுக்கும் என்பதை மறவாது.

சிறிதாக்க முடியாதது

மூலத்தை எவ்வளவு நெருங்கினாலும், நீராவியால் உண்மையாகவே ஓடும் மாதிரிக்கு இயற்கை ஓர் எல்லை வகுத்திருக்கின்றது. நீளத்தை 20-இல் ஒரு பங்காக்கினால், பரப்பு 400-இல் ஒரு பங்காகும். கொள்ளளவோ 8,000-இல் ஒரு பங்காகிவிடும். நீர் மிகக் குறைந்தும், அதனைக் குளிர்விக்கும் பரப்பு அதற்கேற்பக் குறையாமலும் இருப்பதால், சிறு கொதிகலன் வெப்பத்தை விரைவில் இழக்கும். மூலத்தில் உள்ள தீக்குழாய்கள் அனைத்தையும் அதே விகிதத்தில் சிறுத்துப் பொருத்தினால், அவை ஊசித்துளைகளாகிப் புகையே செல்லாது. ஆகவே மாதிரியில் குழாய்களின் எண்ணிக்கையைக் குறைத்து விட்டத்தைக் கூட்டுவர். வெளியே மூலம், உள்ளே விலகல். விலகினால்தான் ஓடும்.

இவ்வெல்லையே ஒருகால் உலகை மாற்றிற்று. 1763-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் கிளாஸ்கோ பல்கலைக்கழகம், நியூகமன் பொறியின் மாதிரி ஒன்றைப் பழுது பார்க்குமாறு ஜேம்ஸ் வாட் என்னும் கருவி செய்வாரிடம் கொடுத்தது. பழுது நீங்கிய பின்னும் அது சில முறை அசைந்து நின்றுவிட்டது. ஏன் என்று ஆராய்ந்தவர், உருளையைச் சூடாக்குவதிலும் குளிர்விப்பதிலுமே பெரும்பங்கு நீராவி வீணாவதைக் கண்டார். 1765-ல், நீராவியைத் தனிக் கலத்தில் குளிரச்செய்யும் முறை அவருக்குத் தோன்றிற்று. மூலத்தில் மறைந்து கிடந்த குறையை மாதிரி பெரிதாக்கிக் காட்டிற்று. அதே நகரத்தில்தான் பின்னர் மலாயாவின் ஓ வகுப்புப் பொறிகளும் பிறந்தன.

முக்கால் மில்லிமீட்டர்

மூலத்துக்கு ஏற்பத் திருத்துதல் மாதிரிகளுக்கு மட்டும் நேர்வதன்று. உண்மைப் பொறிகளுக்கும் நேர்ந்ததுண்டு. ஜப்பானியர் 1935 முதல் 1939 வரை ‘சி56’ என்னும் சிறு பொறிகள் 160 செய்தனர். பின்னோக்கி ஓடும்போதும் வழி தெரியவேண்டும் என்று, அவற்றின் பின்வண்டியின் மேற்பக்கங்களைச் சாய்வாகக் குறுக்கியிருந்தனர். ஜப்பானியப் பாதையின் அகலம் 1,067 மில்லிமீட்டர். இரண்டாம் உலகப் போரில் இவற்றுள் முதல் 90 பொறிகளைத் தென்கிழக்காசியாவுக்கு அனுப்ப முடிவு செய்தபோது, சக்கரங்களை மீட்டர் பாதைக்கு ஏற்ப 67 மில்லிமீட்டர் ஒடுக்கினர். 87-இல் ஒரு பங்கு மாதிரியில் இவ்வேறுபாடு முக்கால் மில்லிமீட்டர்.

அந்த முக்கால் மில்லிமீட்டருக்குள் சயாம்-பர்மா மரண இரயில்வே அடங்கியிருக்கின்றது. 415 கிலோமீட்டர் நீளமுடைய அப்பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. அதன் திறப்புவிழாவில் பங்குகொண்ட பொறி சி56 வகுப்பின் 31-ஆம் எண். 1942 ஜூன் முதல், போர்க்கைதிகள் சிங்கப்பூரிலிருந்து சரக்குப் பெட்டிகளில் அடைக்கப்பட்டுச் சயாமுக்குப் பல நாள் பயணமாக அனுப்பப்பட்டனர். 60,000-க்கு மேற்பட்ட கைதிகள் அப்பாதையில் உழைத்தனர். 12,000-க்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்களைவிடப் பன்மடங்கு மிகுதியாக, ஆசியத் தொழிலாளர் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களுள் மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களிலிருந்து சென்ற தமிழர் மிகப் பலர். மாண்ட கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் உண்டு. பல்லாயிரம் தமிழர்க்கு அத்தகைய பெயர் பொறித்த கல்லறைகள் இல்லை. அப்பாதைக்கு வேண்டிய தண்டவாளத்துக்காக மலாயாவின் கிழக்குக் கரைப் பாதையும் பெயர்த்தெடுக்கப்பட்டது. அதனைப் போட்ட கைகளிலும் தமிழர் கைகள் இருந்தன.

போருக்குப் பின் 31-ஆம் எண் பொறி தாய்லாந்து இரயில்வேயில் 725 என்னும் எண் பெற்று ஓடிற்று. 1979-ல் ஜப்பானுக்குத் திரும்பி, தோக்கியோவின் யாசுக்குனி ஆலயத்தைச் சார்ந்த காட்சிச்சாலையில் வைக்கப்பட்டது. ஆக, ஒரே பொறிக்கு நான்கு பாடம்: 1936-ல் ஜப்பானில் பிறந்த கோலம், 1943-ல் காட்டுப் பாதையில் நின்ற கோலம், 725 என்னும் கோலம், காட்சிச்சாலைக் கோலம். ஜப்பானில் இப்பொறியின் மாதிரிகள் பெருவழக்காக விற்கப்படுகின்றன. அவற்றுள் ஒன்றை வாங்கி எண் தகட்டில் 31 என்று பொறிப்பவர், எந்தக் கோலத்தைச் செய்கின்றார் என்று தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும். 1943 என்று துணிந்தால், சக்கரத்தை முக்கால் மில்லிமீட்டர் ஒடுக்கினால் மட்டும் மூலம் நிறைவுறாது. பொறியைச் சுற்றி நின்றவரையும் அவர் அறிந்திருத்தல் வேண்டும். ஏனெனில், அவ்வாண்டில் அப்பொறி தனியே நிற்கவில்லை.

மேடையில் நிற்பவர்

மாதிரி இரயில் அமைப்புகளில் நிலையமும் மரமும் விளக்குக் கம்பமும் வைப்பதோடு, விரல்நக அளவு மனித உருவங்களையும் வைப்பர். அவை பெரும்பாலும் ஐரோப்பாவில் செய்யப்பட்டவை. தொப்பியும் கோட்டும் அணிந்தவை. ஓ வகுப்புப் பொறியின் குமிழ் அடைப்பைக்கூடச் சரியாக அமைத்தவர், தஞ்சோங் பகார் மேடையில் ஜெர்மானியப் போர்ட்டரை நிறுத்திவிட்டால், அத்தனை உழைப்பும் பழுதாகின்றது. மலாயா இரயில்வேயின் எழுத்தர்களிலும் நிலைய அதிகாரிகளிலும் யாழ்ப்பாணத் தமிழர் மிகுந்திருந்தனர். தண்டவாளப் பாதையைக் காத்த கூட்டங்களிலும், கோலாலம்பூரின் செந்தூல் பட்டறையில் பொறிகளைப் பிரித்துப் பூட்டியவர்களிலும் தமிழகத்திலிருந்து வந்தவர்கள் மிகுந்திருந்தனர். மூலத்துக்கு ஏற்பத் திருத்தல் என்பது இவர்களையும் அவரவர் இடத்தில் நிறுத்துதலே ஆகும்.

மூலத்தைக் கற்றவன் மூலத்தையே மீண்டும் படைக்கவும் வல்லவனாவான் என்பதற்குத் தமிழ்நாட்டில் ஒரு சான்று உண்டு. நீலகிரி மலை இரயிலின் பற்சக்கரப் பொறிகள் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில் செய்யப்பட்டவை. பன்னிரண்டடிக்கு ஓரடி ஏறும் செங்குத்தான பாதைக்கென அமைந்தவை. அவை முதுமையுற்றபோது, அவ்வகுப்புப் பொறிகளைப் புதிதாகச் செய்யும் பணியைத் திருச்சிப் பொன்மலைப் பட்டறை மேற்கொண்டது. அங்குச் செய்யப்பட்ட புதிய பொறி 2011-ல் வெளிவந்தது. வேறு சிலவும் தொடர்ந்தன. முதலில் வந்தவை நிலக்கரிக்கு மாற்றாக எண்ணெய் எரித்தன. பழைய உறுப்புகளை அளந்து, ஒவ்வொன்றையும் ஏன் அவ்வாறு செய்தனர் என்று உணர்ந்தாலன்றி அது கைகூடியிராது.

மலாயாவுக்கு அத்தகைய பட்டறை வாய்க்கவில்லை. தஞ்சோங் பகாருக்கு இன்று வண்டியும் வருவதில்லை. ஆகவே அங்கே வந்து நின்ற பொறிகளின் உருவம் பிற்காலத்தார்க்குப் போய்ச் சேரும் வழிகளுள் மாதிரியும் ஒன்று. பிழையான பதிப்பு ஒன்று அச்சேறிவிட்டால், அதைப் படித்த மாணவன் பிழையையே மூலமென்று நம்புவான். பிழையான மாதிரியும் அத்தகையதே. இக்காலத்தில் முப்பரிமாண அச்சுப் பொறி வந்து, கைவேலையின் பாரத்தைக் குறைத்துவிட்டது. கணிப்பொறியில் வரைந்ததை அது இரவோடிரவாகப் படைத்துத் தரும். ஆனால் சக்கரம் நான்கரை அடியா ஆறடியா, உருளை இரண்டா மூன்றா, பின்வண்டியில் கரியா எண்ணெயா, மேடையில் நின்றவர் யார் என்பவற்றை அது தானே அறியாது. ஒப்பு நோக்கித் துணிய வேண்டியவன் மனிதனே. செய்யும் மாதிரியின் அடித்தகட்டில் ஓர் ஆண்டைப் பொறித்து, அந்த ஆண்டுக்கு விடை சொல்ல முன்வருபவன் எவனோ, அவன் கையில் சிறுதேர் வரலாறாகின்றது.